கடலுக்கடியில் கிளைடர்: பெங்களூருவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பெங்களூருவில் கடல் தரவுகளோடு வேலை செய்கிறவள். வங்காள விரிகுடாவில் மூழ்கியும் எழுந்தும் போய்க்கொண்டிருக்கும் கிளைடர்கள் என்ற ஆளில்லாக் கருவிகள் அனுப்புகிற எண்களைச் சரிபார்த்து, அவற்றிலிருந்து நீரோட்டத்தைக் கணக்கிடுவது என் வேலை. சில ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அல்சூரில் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இதைப் பற்றிப் பேசுவேன். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு கடலை எப்படிக் கவனிக்கிறீர்கள்?

இதை முதலில் கேட்டவர் என் பெரியப்பா. நாகப்பட்டினம் பக்கம் நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். "ஏம்மா, அங்க ஏரிதானே இருக்கு, நீ எந்தக் கடலப் பாக்குற?" என்று போனில் கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை.

கிளைடர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து, வாலைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும். அதைப் படிக்கவும் அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்லவும் ஒரு கணினியும் இணையமும் போதும். இங்கே இந்திய அறிவியல் கழகத்தில் வளிமண்டல, கடல் அறிவியலுக்கு என்றே ஒரு மையம் இருக்கிறது. வங்காள விரிகுடாவைப் பற்றிய முக்கியமான ஆய்வுகள் பல அங்கிருந்து வந்தவை.

பிள்ளைகளிடம் இன்னொன்றும் சொல்வேன். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் எவ்வளவு மேலே இருக்கிறோமோ, கிட்டத்தட்ட அவ்வளவு கீழே போய்த் திரும்புகிறது கிளைடர். ஆழத்துக்குப் போகும் வகைகளில் பலவற்றின் எல்லை 1000 மீட்டர்.

கிளைடர் ஒரு சின்ன நீர்மூழ்கிக் கப்பலா?

இல்லை. உள்ளே ஆள் கிடையாது. பெரும்பாலானவற்றில் சுழலும் விசிறியும் கிடையாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், ஐம்பது அறுபது கிலோ எடை, இரண்டு பக்கமும் சின்ன இறக்கை, பின்னால் ஒரு நீண்ட வால். பார்ப்பதற்கு மஞ்சள் பூசிய சுறாக் குட்டி போல இருக்கும். இரண்டு பேர் சேர்ந்தால் படகிலிருந்து இறக்கிவிடலாம்.

விசிறி இல்லாமல் எப்படி முன்னே போகும்?

உள்ளே கொஞ்சம் எண்ணெய் இருக்கிறது, வெளியே ரப்பர் பை ஒன்று இருக்கிறது. எண்ணெயைப் பைக்குள் தள்ளினால் பை உப்பும். எடை மாறவில்லை, அடைத்துக்கொள்ளும் இடம் மட்டும் கூடியது. அதனால் கிளைடர் மிதந்து மேலே வரும். எண்ணெயை உள்ளே இழுத்துக்கொண்டால் பை சுருங்கி, கிளைடர் மூழ்கும். எவ்வளவு எண்ணெய் என்று கேட்டால் நம்ப மாட்டீர்கள். நம் வீட்டு வாசலில் காலையில் வந்து விழுகிற நந்தினி அரை லிட்டர் பால் பாக்கெட் அளவு, அல்லது அதைவிடக் கொஞ்சம் அதிகம். அறுபது கிலோ உடம்பை ஒரு கிலோமீட்டர் இறக்கி ஏற்ற அது போதும்.

மூழ்கும்போது நேராகக் கீழே விழாமல் இறக்கைகள் அதைச் சாய்வாக முன்னே தள்ளுகின்றன. எழும்பும்போதும் அப்படியே. மூக்கை மேலே கீழே சாய்க்கவும் இடம் வலம் திருப்பவும் உள்ளே இருக்கும் பேட்டரியையே நகர்த்தும் வகைகள் உண்டு. பேட்டரிதான் உள்ளே கனமான பொருள், அதை முன்னே தள்ளினால் மூக்கு தாழும். எண்ணெயைத் தள்ளும்போதுதான் பெரிய செலவு. மற்ற நேரத்தில் மின்சாரம் மிகக் குறைவாகவே ஆகும் என்பதால் மாதக்கணக்கில் கடலில் கிடக்க முடிகிறது.

வேகம் நொடிக்குச் சுமார் 25 சென்டிமீட்டர். ஒரு நாள் முழுக்கப் போனால் இருபது கிலோமீட்டர் சொச்சம், அதாவது அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம்.

யார் யோசித்தது?

டக் வெப் என்ற பொறியாளர் வடிவமைத்தார். ஹென்றி ஸ்டோமெல் என்ற பெரிய கடலியலாளர் 1989இல் ஒரு கட்டுரையில், இந்தக் கருவிகள் கூட்டமாக உலகக் கடல்களில் சுற்றி வருகிற ஒரு எதிர்காலத்தைக் கற்பனை செய்து எழுதினார். தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் முதன்முதலில் உலகைச் சுற்றிவந்த ஜோஷுவா ஸ்லோகமின் பெயரைத்தான் ஒரு கிளைடர் வகைக்கு வைத்திருக்கிறார்கள். அவருடைய படகு ஸ்ப்ரேயின் பெயர் இன்னொரு வகைக்கு. 2009இல் ஸ்லோகம் வகைக் கிளைடர் ஒன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி கரையிலிருந்து கிளம்பி, 221 நாளில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து ஸ்பெயின் போய்ச் சேர்ந்தது.

சரி, நீரோட்டத்தை எப்படி அளக்கிறது? நீரோட்டமானி இருக்கிறதா?

இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பெரும்பாலான கிளைடர்களில் தனியாக நீரோட்டமானி கிடையாது. கிளைடரே நீரோட்டமானி.

பெரியப்பா நீரோட்டத்தை நீவாடு என்பார். இறக்கின வலை எந்தப் பக்கம் இழுபடுகிறது, எவ்வளவு இழுபடுகிறது என்று பார்த்தே நீவாட்டின் பலத்தைச் சொல்லிவிடுவார். கிளைடர் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கிளைடர் கிழக்கே பார்த்து மூழ்குகிறது. 1000 மீட்டர் போய்த் திரும்ப 5 மணி நேரம், அதாவது 18,000 நொடி. நொடிக்கு 25 சென்டிமீட்டர் என்றால் கிழக்கே 4.5 கிலோமீட்டர் தள்ளி எழும்ப வேண்டும். தண்ணீருக்கடியில் ஜிபிஎஸ் எட்டாது. அதனால் திசைகாட்டியையும் தன் சாய்வையும் வைத்து, "நான் இங்கேதான் இருப்பேன்" என்று அது கணக்கு போட்டுக்கொண்டே வரும். மேலே வந்து ஜிபிஎஸ் பார்த்தால், கிழக்கே 4.5 கிலோமீட்டர் சரியாக இருக்கிறது, ஆனால் வடக்கே 5.4 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. யார் தள்ளினார்கள்? தண்ணீர்தான். 5,400 மீட்டரை 18,000 நொடியால் வகுத்தால் நொடிக்கு 30 சென்டிமீட்டர். அந்த ஐந்து மணி நேரத்தில், மேலிருந்து 1000 மீட்டர் ஆழம் வரைக்கும் சராசரியாக நீரோட்டம் வடக்கே 30 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடியிருக்கிறது.

இந்த உதாரணத்தில் நீரோட்டம் கிளைடரைவிட வேகமானது. அதை எதிர்த்துப் போக கிளைடரால் முடியாது. மெதுவாகப் போவது அதன் குறை என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெதுவாகப் போகிறதால்தான் தண்ணீரின் தள்ளல் அதன் பாதையில் இவ்வளவு தெளிவாகப் பதிகிறது. வேகமான இயந்திரம் ஒன்றில் இதே தள்ளல் பிழைக்குள் மறைந்துபோகும்.

ஆனால் அது சராசரிதானே? மேலே ஒரு பக்கமும் கீழே ஒரு பக்கமும் ஓடினால்?

ஓடும். வங்காள விரிகுடாவில் சாதாரணமாகவே ஓடும். அதற்குத்தான் வெப்பநிலை, உப்புத்தன்மை, அழுத்தம் மூன்றையும் வழி நெடுக அளக்கிறோம். இவற்றிலிருந்து ஒவ்வொரு ஆழத்திலும் தண்ணீரின் அடர்த்தி தெரியும். மேற்கே ஓர் இடத்தில் 100 மீட்டரில் இருக்கும் அடர்த்தி, கிழக்கே 150 மீட்டரில்தான் கிடைக்கிறது என்றால், அந்தச் சரிவு ஒரு நீரோட்டத்தின் அடையாளம். பூமி சுழல்வதால் பெருங்கடலின் பெரிய ஓட்டங்கள் சரிவின் வழியே கீழே வழிவதில்லை, சரிவுக்குக் குறுக்கே ஓடுகின்றன. ஆழத்துக்கு ஆழம் வேகம் எவ்வளவு மாறுகிறது என்பதைச் சரிவு சொல்லும். மொத்தச் சராசரியைக் கிளைடரின் தள்ளல் சொல்லும். இரண்டையும் சேர்த்தால் ஒவ்வொரு ஆழத்தின் ஓட்டமும் வரும். பூமத்தியரேகைக்கு மிக அருகில் மட்டும் இந்த வழி எடுபடாது. சுழற்சியின் பிடி அங்கே இல்லை.

வங்காள விரிகுடாவில் நீரோட்டம் உண்மையிலேயே பருவத்துக்குப் பருவம் திசை மாறுமா?

மாறும். உலகில் பெரும்பாலான கரையோரப் பெரு நீரோட்டங்கள் வருஷம் முழுக்க ஒரே பக்கம் ஓடுகிறவை. நம் கடல் அப்படி இல்லை.

தமிழ்நாடு, ஆந்திரா, ஒடிசா கரையை ஒட்டி ஓடும் கிழக்கு இந்தியக் கரையோர நீரோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச், ஏப்ரல் வாக்கில் அது பலமாக வடக்கே ஓடும். கோடைப் பருவமழைக் காலத்தில் தளர்ந்து, இடத்துக்கு இடம் வேறு வேறாக இருக்கும். அக்டோபருக்குப் பிறகு மொத்தமாகத் தெற்கே திரும்பி, கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி எல்லாம் கொண்டுவந்து கொட்டிய நன்னீரை நம் கரையோரமாக இறக்கிக்கொண்டு வரும். வாடைக்காற்று தொடங்கினால் தண்ணீரின் ருசியே மாறும் என்று பெரியப்பா சொல்வார். உப்புத்தன்மை வரைபடத்தைப் பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

இலங்கைக்குத் தெற்கே இன்னொரு ஆட்டம். தென்மேற்குப் பருவத்தில் நீரோட்டம் கிழக்கே ஓடி, இலங்கையைச் சுற்றி வடகிழக்காக வளைந்து விரிகுடாவுக்குள் நுழையும். குளிர்காலத்தில் அதே இடத்தில் மேற்கே ஓடி, விரிகுடாவின் இலேசான தண்ணீரை அரபிக்கடலுக்குக் கொண்டுபோகும்.

காற்று மாறுகிறது, அதனால் தண்ணீர் மாறுகிறது என்று எளிதாகச் சொல்லிவிடத் தோன்றும். பாதிதான் உண்மை. கரையோர நீரோட்டம் சில சமயம் அந்த இடத்துக் காற்று மாறுவதற்கு முன்பே திரும்பிவிடும். பூமத்தியரேகைப் பக்கம் காற்று கடலைத் தள்ளினால், அந்தத் தாக்கம் ஓர் அலையாகக் கிழக்கே போய்ச் சுமத்ராவில் மோதும். பிறகு கரையைப் பிடித்துக்கொண்டு மியான்மர், வங்கதேசம், ஒடிசா என்று விரிகுடாவைச் சுற்றி நம் பக்கம் வந்து சேரும். சென்னைக்கு எதிரே ஓடும் தண்ணீரின் காரணம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், வாரக்கணக்கில் முன்னால் நடந்ததாக இருக்கலாம். ஒருநாள் போய் அளந்துவிட்டு வந்தால் இது பிடிபடாது. பருவம் முழுக்க அங்கேயே இருக்க வேண்டும். கிளைடர் இருக்கிறது.

இந்தியப் பக்கத்தில் கிளைடரை வைத்து என்ன கண்டுபிடித்தார்கள்?

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2016 ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் இந்திய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சேர்ந்து பாபுள் என்ற களப்பணியை நடத்தினார்கள். இந்திய அறிவியல் கழகத்தின் பி. என். வினயச்சந்திரனும் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் மேத்யூஸும் முன்னின்று நடத்தியது. சிந்து சாதனா என்ற ஆய்வுக் கப்பல் போனது. கூடவே தெற்கு விரிகுடாவில் 8 டிகிரி வடக்குக் கோட்டில் ஐந்து கிளைடர்களை இறக்கினார்கள். கோடைப் பருவ நீரோட்டம் அந்தக் கோட்டைக் கடந்துதான் உள்ளே வருகிறது.

அந்த நீரோட்டம் அரபிக்கடலின் உப்பு நிறைந்த தண்ணீரை, விரிகுடாவின் இலேசான மேல்தண்ணீருக்கு அடியில் நுழைத்துக்கொண்டு போவதை நுணுக்கமாகப் பார்க்க முடிந்தது. இது ஏன் முக்கியம்? விரிகுடாவில் ஆவியாகிப் போவதைவிட மழையும் ஆறுகளும் கொட்டுவது அதிகம். அப்படியென்றால் வருஷா வருஷம் அது உப்புக் குறைந்துகொண்டே போக வேண்டும். போகவில்லை. எங்கிருந்தோ உப்பு வந்து சேர்ந்து மேலே கலக்கிறது. வருகிற வழிகளில் ஒன்று இது.

கப்பல், செயற்கைக்கோள், ஆர்கோ மிதவை எல்லாம் இருக்கின்றனவே?

எல்லாமே வேண்டும். செயற்கைக்கோள் கடல் மேற்பரப்பின் உயரம், வெப்பம், உப்புத்தன்மையைப் பார்க்கும், அடியில் என்ன என்று பார்க்காது. கப்பல் துல்லியமாக அளக்கும், ஆனால் சில வாரங்களில் துறைமுகத்துக்குத் திரும்பியாக வேண்டும். உலகக் கடல்களில் கிட்டத்தட்ட 4,000 ஆர்கோ மிதவைகள் இருக்கின்றன. பத்து நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டரிலிருந்து அளந்துகொண்டே மேலே வரும். நம் காலத்தின் மிகப் பெரிய அறிவியல் கொடைகளில் ஒன்று என்றே சொல்வேன். ஆனால் தண்ணீர் இழுத்த பக்கம் போகும், குறிப்பிட்ட ஒரு நீரோட்டத்தைக் குறுக்கே கடந்து திரும்பத் திரும்ப அளக்கச் சொல்ல முடியாது. கிளைடருக்குச் சொல்லலாம். கலிஃபோர்னியா கரையில் ஒரே கோடுகளில் வருஷக்கணக்காகக் கிளைடர்களை ஓட்டிவருகிறார்கள். நம் இரண்டு கரைகளிலும் அப்படி விடாமல் ஓட வேண்டும் என்பது என் ஆசை.

அந்த எண்களை அப்படியே நம்பலாமா?

கூடாது. என் வேலையில் பாதி இதுதான்.

உப்புத்தன்மையை நேரடியாக அளப்பதில்லை. மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதையும் வெப்பநிலையையும் வைத்துக் கணக்கிடுகிறோம். மேலே 29 டிகிரி, ஆயிரம் மீட்டரில் 7 டிகிரிக்குப் பக்கம். வெதுவெதுப்பான தண்ணீரிலிருந்து குளிர்ந்த தண்ணீருக்குள் போகும்போது அளக்கும் குழாயின் சுவரில் பழைய சூடு கொஞ்ச நேரம் தங்கிவிடும். அதனால் இறங்கும்போது ஓர் உப்புத்தன்மையும், அதே இடத்தில் ஏறும்போது வேறு உப்புத்தன்மையும் காட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி வந்த ஒரு பொய்யான உப்புப் பட்டையை இரண்டு நாள் உண்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இறக்கத்தையும் ஏற்றத்தையும் ஒன்றின்மேல் ஒன்று போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. இப்போது அதுதான் முதல் வேலை.

திசைகாட்டியில் சில டிகிரி பிழை இருந்தால் கணக்கிடும் நீரோட்டமும் தவறும். அப்புறம் கொட்டலசு, அதாவது பாறையிலும் படகின் அடியிலும் ஒட்டி வளர்கிற ஓடுள்ள சின்ன உயிர். வெதுவெதுப்பான கடலில் உடம்பெல்லாம் ஒட்டி வளர்ந்தால் கிளைடர் வேகம் குறையும். அதைக் கவனிக்காமல் விட்டால், நீரோட்டம்தான் பின்னுக்கு இழுக்கிறது என்று கணக்கு சொல்லும்.

நம் விரிகுடாவுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. வடக்கே ஆற்று நீர் மூடியிருக்கும் இடங்களில் மேல்தண்ணீர் மிகவும் இலேசு. அடியில் இருக்கும் கனத்த உப்புத் தண்ணீரில் சுலபமாக மிதந்து ஏறிவருகிற கிளைடர், மேலே வந்ததும் மிதக்கத் திணறும். அதனால் இறக்குவதற்கு முன் அந்த இடத்துத் தண்ணீருக்கு ஏற்றபடி எடையைச் சில கிராம் அளவில் சரிபார்த்து வைப்பார்கள்.

சுறா தின்றுவிடாதா? வலையில் மாட்டாதா?

மாட்டலாம். கப்பல் மோதலாம், உள்ளே தண்ணீர் புகலாம், சிலது திரும்பாமலே போகும். ஒரு ராத்திரி மேலே வர வேண்டிய கிளைடர் வரவில்லை. பதினொரு மணிக்கு வந்திருக்க வேண்டியது. ஒரு மணி ஆயிற்று, மூன்று ஆயிற்று. போனை மடியில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்குப் பால் பாக்கெட் வந்த சத்தமும் கிளைடரின் செய்தியும் சேர்ந்தே வந்தன. மேலே பலத்த அலை. வால் தண்ணீருக்கு மேலே நிற்காததால் செயற்கைக்கோளைப் பிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். அளந்தது ஒன்றுகூடத் தொலையவில்லை.

மீனவர் யாராவது மஞ்சள் நிறத்தில் இப்படி ஒன்றைப் பார்த்தால் உடைக்காமல் கடலோரக் காவல்படையிடம் சொல்லுங்கள். ஊரில் உறவுகள் இருந்தால் சொல்லி வையுங்கள்.

இதனால் பெங்களூருக்காரர்களுக்கு என்ன?

2024 கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தது யாருக்கும் மறந்திருக்காது. முந்தைய வருஷம் மழை பொய்த்ததன் விளைவு. நம் குழாயில் வரும் காவிரி, பருவமழையைத்தான் நம்பியிருக்கிறது. விரிகுடாவில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகள் பருவமழையை இழுத்துப் பலப்படுத்துகின்றன. அவற்றுக்குத் தீனி கடலின் வெப்பம். நன்னீர் மூடி போல மேலே கிடப்பதால் விரிகுடாவின் அடித்தண்ணீர் சுலபமாக மேலே கலப்பதில்லை, மேற்பரப்பு சூடாகவே இருக்கிறது. அந்த மூடி எவ்வளவு தடிமன், எப்போது உடைகிறது என்பதை வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் சரியாகப் பிடிக்க வேண்டுமென்றால் அடியில் போய் அளந்த எண்கள் வேண்டும். கிளைடர் விட்டால் நாளைக்கு மழை வருமா என்று தெரிந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். மாதிரிகள் எங்கே தப்புகின்றன என்று தெரியும். அதுவே பெரிய விஷயம்.

என் பிள்ளை இதைப் படிக்க வேண்டுமென்றால்?

இயற்பியலும் கணிதமும் பிடிக்க வேண்டும், கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தால் நல்லது. இங்கே இந்திய அறிவியல் கழகம், சென்னையில் ஐஐடியின் கடல் பொறியியல் துறை, பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம், ஐதராபாத்தில் கடல் தகவல் சேவை மையம், கோவாவில் தேசிய கடலியல் கழகம் என்று வழிகள் இருக்கின்றன. ஆர்கோ தரவுகள் எல்லாருக்கும் இலவசம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகூட இன்றைக்கே இணையத்திலிருந்து இறக்கிப் பார்க்கலாம். நீந்தத் தெரிய வேண்டுமா என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது.

வீட்டில் செய்து பார்க்க ஏதாவது?

இரண்டு இருக்கின்றன. பிளாஸ்டிக் பாட்டிலில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். மருந்துச் சொட்டுக்குழாய் ஒன்றில், மிதக்கிற மாதிரி பாதி தண்ணீர் உறிஞ்சி உள்ளே போட்டு இறுக்கி மூடுங்கள். பாட்டிலை அழுத்தினால் மூழ்கும், விட்டால் எழும். கிளைடரின் எண்ணெய்ப் பை செய்யும் வேலை இதுதான்.

அடுத்தது, உயரமான கண்ணாடி டம்ளரில் பாதிக்கு உப்புத் தண்ணீர். கரண்டியின் முதுகில் வழியவிட்டு, மஞ்சள் உணவுச் சாயம் கலந்த நல்ல தண்ணீரை மேலே மெல்ல ஊற்றுங்கள். கலக்காது, மேலே தனியாக நிற்கும். ஆறுகள் வந்து மூடிய விரிகுடா அது. இப்போது ஓரத்திலிருந்து ஊதி, அதாவது பருவக்காற்று வீசி, எவ்வளவு ஊதினால் அடியில் கலக்கிறது என்று பாருங்கள். பெரியப்பா இங்கே வந்திருந்தபோது டம்ளரை மேசையில் வைத்துக் காட்டினேன். நாலு முறை ஊதிப் பார்த்தார், மஞ்சள் இறங்கவில்லை. "கச்சான் காத்து இன்னும் பலமா அடிக்கணும்மா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்து ஊதினார்.